ஈவ்லின் அக்கா திருப்பி வைத்த அட்டை

ஈவ்லின் அக்காவைத் திருத்தணி கடைத்தெருவில் பார்க்கிறவர்கள் அவளைக் கர்வம் பிடித்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள். எதிரே தெரிந்த முகம் வந்தாலும் முந்திக்கொண்டு சிரிக்கமாட்டாள். அவர்கள் சிரித்தால் சிரிப்பாள், அவர்கள் திரும்பிக்கொண்டால் இவளும் காய்கறி விலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் மொட்டைத் தலையோடு படியிறங்கி வரும் ஒருவர், முந்தைய வாரம்தான் அவளெதிரே உட்கார்ந்து அழுதிருப்பார். அவரையும் அவளுக்குத் தெரியாது. ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் தெரியாது.

அவள் வேலை செய்வது, ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன மனநல மருத்துவகத்தில். வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுப்பவளாகச் சேர்ந்தாள். தட்டச்சு தெரியும் என்பதால் நோயாளிகளின் விவரங்கள் எல்லாம் மெல்ல அவள் கைக்கு வந்தன. நாங்கள் இருக்கும் பக்கத்தில் தலைவலிக்கு மருத்துவம் பார்த்ததை ஊரெல்லாம் சொல்லலாம், தூக்கம் வராததற்குப் பார்த்ததைச் சொல்லக் கூடாது. சொன்னால் பெண் பார்க்க வருகிறவர்கள் அரக்கோணத்திலேயே இறங்கித் திரும்பிவிடுவார்கள். இதை யாரும் அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே தெரிந்துவைத்திருந்தாள்.

அந்த விவரங்களைப் பூட்டி வைக்கும் நிரலை எழுதியவன் நான். அவளுடைய சித்தப்பா மகன். ஹாம்பர்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஊரில் இல்லாதவன் ஊருக்குச் செய்கிற உபகாரங்களில் ஒன்றாக, ஒரு விடுமுறையில் உட்கார்ந்து அதை எழுதிக் கொடுத்தேன். மருத்துவகத்தில் ஒரு கணினி, கிராமங்களில் நடத்தும் மருத்துவ முகாம்களுக்கு எடுத்துப்போக ஒரு லேப்டாப். இரண்டிலும் நோயாளிகளின் பக்கங்கள் பூட்டிக் கிடக்கும். அவற்றைத் திறக்கும் சாவியும் ஒரு கோப்புதான். அந்தச் சாவிக் கோப்பையும் ஒரு கடவுச்சொல்லால் மூடி வைத்திருந்தேன். கடவுச்சொல்லைச் சரியாக அடித்தால் சாவி ஏறும், பக்கங்கள் திறக்கும். அடிக்கடி அடிக்கச் சோம்பலாக இருக்குமே என்று, ஒரு தடவை அடித்தால் அந்தக் கணினி அதை நினைவில் வைத்துக்கொள்ளும்படியும் செய்திருந்தேன். அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அக்கா அப்போது பாராட்டினாள்.

இந்த வருஷம் கோடையில் இடி விழுந்து மருத்துவகத்துக் கணினி கருகிப்போனது. பக்கங்களின் நகல் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. ஆகஸ்டில் யாரோ ஒரு நன்கொடையாளர் புதுக் கணினி கொடுத்தார். நகலை அதில் போட்டாள், லேப்டாப்பிலிருந்து சாவிக் கோப்பையும் எடுத்துப் போட்டாள், கடவுச்சொல்லை அடித்தாள். திரையில் நான் தமிழில் எழுதி வைத்திருந்த வாசகம் வந்தது: சாவியை ஏற்ற முடியவில்லை.

அன்றே என்னை அழைத்தாள். அவளுக்குச் சாயங்காலம், எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலகத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு மூலைக்குப் போய்ப் பேசினேன். லேப்டாப்பில் தடையில்லாமல் திறக்கிறதாம், அதே சாவி புதுக் கணினியில் மட்டும் ஏற மறுக்கிறதாம். கடவுச்சொல் சரியாகத்தானே அடிக்கிறாய் என்று கேட்டேன்.

"ஆங், எப்பவும் போடுறதுதான் நைனா," என்றாள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள்.

நான் அந்த வார்த்தையை நம்பிவிட்டு மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கோப்பு பாதிதான் நகலானதோ என்று அளவைப் பார்க்கச் சொன்னேன். சரியாக இருந்தது. வேறு இடத்தில் வைத்துவிட்டாளோ என்று திரையைக் காட்டச் சொன்னேன். சரியான இடம்தான். அந்தக் கோப்பைப் படிக்கப் புதுக் கணினி அனுமதி தரவில்லையோ என்று அதையும் மாற்றிப் பார்த்தோம். வைரஸ் தடுப்பானை அணைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முயற்சிக்கும் அதே வாசகம். கோப்பு இல்லாவிட்டாலும், கெட்டுப்போனாலும், கடவுச்சொல் தப்பானாலும், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வாசகத்தைத்தான் எழுதி வைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதியிருந்தால் முதல் நாளே காரணம் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள், நிரலின் பழைய பதிப்பும் புதுப் பதிப்பும் ஒத்துப்போகவில்லை என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதுதான், ஆதாரம் எதுவும் இல்லை. லேப்டாப்பில் இருப்பதை நீக்கிவிட்டுப் புதுப் பதிப்பைப் போடச் சொன்னேன்.

அக்கா கொஞ்சம் தயங்கினாள். "இதுல நல்லாத்தானே தொறக்குது. இத்தை ஏன் தொடணும்?"

பயப்படாதே, சாவிக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொன்னேன். சாவிக் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பழைய பதிப்பை நீக்கியபோது லேப்டாப் நினைவில் வைத்திருந்த கடவுச்சொல்லும் சேர்ந்து போய்விட்டது. திறந்ததும் கேட்டது. அவள் அடித்தாள். சாவியை ஏற்ற முடியவில்லை என்றது. இப்போது இரண்டிலும் எதுவும் திறக்கவில்லை.

வீடியோவில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். லேப்டாப்பை மூடினாள். வேலையிருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். எனக்கு அன்று பிற்பகல் வேலை ஓடவில்லை. கூட்டத்தில் யார் என்ன கேட்டாலும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஓர் ஊரின் அந்தரங்கம் முழுவதையும் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டது போல இருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. ஆர்.கே.பேட்டை பக்கத்துக் கிராமத்திலிருந்து பிரேமா என்ற பெண் அக்காவுக்குப் போன் செய்தாள். அவள் கணவர் சடகோபன், சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிரிடுகிறவர். ஒரு வருஷமாக நன்றாக இருந்தவர், நாலைந்து நாளாகத் தூங்காமல் கிணற்றடியிலேயே நடந்துகொண்டிருக்கிறாராம். சனிக்கிழமை முகாமுக்கு அழைத்து வருகிறேன் என்றாள். (இருவருக்கும் நான் இங்கே வேறு பெயர் வைத்திருக்கிறேன். அக்கா அந்த நிபந்தனையோடுதான் எழுதவிட்டாள்.)

முன்பு ஒரு முறை, ஒரு மருந்து சடகோபனுக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பு விறைத்து, ஜுரம் கண்டு, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அது எந்த மருந்து என்பது அவருடைய பக்கத்தில் இருந்தது. அப்போது பார்த்த டாக்டர் போன டிசம்பரில் காலமாகிவிட்டார். இப்போது வருகிறவர் புதியவர். பிரேமாவிடம் பழைய சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று அக்கா கேட்டிருக்கிறாள். நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தபோது, வீட்டில் இருந்த சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டோம் என்று அவள் சொன்னாளாம். பெயர் நினைவில்லை. வெள்ளை மாத்திரை என்பது மட்டும் நினைவிருந்தது.

சனிக்கிழமை காலைக்குள் அந்தப் பக்கம் திறந்தாக வேண்டும். டாக்டரிடம் போனில் பேசினோம். விவரம் தெரியாமல் மருந்து எழுதப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நிலைமையில் வருகிறவருக்கு எழுதாமலும் அனுப்ப முடியாது என்றார்.

வெள்ளிக்கிழமை என் மதிய இடைவேளையில் அக்காவை அழைத்தேன். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே அவள் சொன்னாள்.

"உன் புரோகிராம்ல ஒண்ணும் தப்பு இல்ல. நான்தான் தப்பு."

அப்போதுதான் கடவுச்சொல் என்ன என்று எனக்குத் தெரிந்தது. எங்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனையில் ஒவ்வொரு வீட்டாரும் பைபிள் வசனம் எழுதிய ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குச் சொல்லும் வார்த்தை அது. போதகரின் மனைவி வசனங்களை அப்படியே எழுதமாட்டார். அட்டையில் இடம் கொள்ளும்படி தன் வார்த்தையில் சுருக்கி எழுதுவார், ஒன்றுபோல இன்னொன்று இருக்காது. அக்கா ஒவ்வொரு ஜனவரியிலும் தனக்கு வந்த வாக்குத்தத்தத்தையே கடவுச்சொல்லாக மாற்றிவந்திருக்கிறாள். அடிக்கடி மாற்று என்று நான் சொன்னதும் நிறைவேறியது, நோயாளிகளை ஆண்டவர் கையில் ஒப்படைத்ததாகவும் ஆயிற்று என்று அவளுக்கு ஒரு திருப்தி.

இந்த வருஷம் வந்த அட்டையில் கண்ணீர் என்ற சொல் இருந்தது. இராத்திரி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். விடிந்ததும், முகாமுக்காக வீட்டில் வைத்திருந்த லேப்டாப்பில் வழக்கம்போல அதையே போட்டாள். போட்டுவிட்டாளே தவிர மனசு கேட்கவில்லை. கண்ணீர் என்றால் யாருக்கு, எதற்கு? கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட அவளுக்கு அம்மா ஒருத்திதான். அம்மாவுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு. காலை ஆராதனைக்குப் போனபோது, இராத்திரி வராதவர்களுக்காகத் தட்டு இன்னும் வாசலில் இருந்தது. யாரும் பார்க்காதபோது தன் அட்டையைத் தட்டில் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டாள். அதில் சமாதானம் என்று இருந்தது.

எங்கள் சபையில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். வந்ததை ஏற்றுக்கொள்வதுதான் அதன் அர்த்தமே.

அவளுக்கு அடுத்துத் தட்டருகே வந்தவள் ரெபேக்காள். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. கணவர் சுந்தர்சிங்குக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, அன்று இராத்திரிப் பணி என்பதால் அவர்கள் காலையில்தான் வந்தார்கள். ரெபேக்காள் கண்ணை மூடித் தட்டில் கைவிட்டு எடுத்த அட்டையின் ஒரு முனை மடிந்திருந்தது. அந்த முனையை மடித்தவள் அக்காதான், முந்தைய இராத்திரி, பைக்குள் திணித்தபோது.

பிப்ரவரியில் சுந்தர்சிங் நடைமேடையில் மாரடைப்பில் விழுந்து இறந்துபோனார்.

சாவி ஒன்றுதான் என்றாலும், இரண்டு இடத்திலும் இருந்த அதன் கோப்புகளுக்குத் தனித்தனிக் கடவுச்சொல் போடலாம். மருத்துவகத்துக் கணினியில் அக்கா சமாதானத்தைப் போட்டிருந்தாள், லேப்டாப்பில் கண்ணீரே இருந்தது. லேப்டாப்பிலும் மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள், முடியவில்லை. மாற்றுவதற்குப் பழையதை ஒரு தடவை அடிக்க வேண்டும். லேப்டாப் கேட்காமலே திறந்துகொண்டதால் அப்படியே விட்டுவிட்டாள்.

"மொத நாளே தெரியும் எனக்கு," என்றாள். "நீ அது இதுன்னு தேடிகினு இருந்தே. வாய் வரல."

அந்தப் பழைய வார்த்தைகளை அடித்துப் பார் என்றேன். கண்ணீரைத் தவிர ஒரு சொல்லும் நினைவில் இல்லை என்றாள். மறக்க வேண்டும் என்று முயன்று மறந்தது. போதகரின் மனைவியிடம் கேட்டுவிட்டாள், அவருக்கும் நினைவில்லை, வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் எழுதுகிறார். இனி அது தெரிந்தவள் ஒருத்திதான்.

ரெபேக்காள் வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். அடக்கத்துக்குப் போனதோடு சரி என்றாள்.

சாயங்காலமே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனாள். வீடியோவில் நானும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். துணைக்கா, சாவி ஏறாவிட்டால் சரிசெய்யவா என்று நான் கேட்கவில்லை. ரெபேக்காளின் வீடு ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு சந்தில். அக்கா போனை மேசைமேல் மல்லாக்க வைத்துவிட்டாள். எனக்கு மேலே சுற்றும் மின்விசிறி மட்டும் தெரிந்தது. சென்னை மின்சார ரயில் ஒன்று கடந்துபோனது.

"வழி ஞாபகம் இருக்குதே உனக்கு," என்ற ரெபேக்காளின் குரல் கேட்டது.

அக்கா சுற்றிவளைக்காமல் சொன்னாள். அட்டையை எடுத்தது, அதைக் கடவுச்சொல்லாகப் போட்டது, தட்டில் திருப்பி வைத்தது, மடிந்த முனையைப் பார்த்தது, இப்போது வார்த்தைகள் மறந்து லேப்டாப் திறக்காமல் கிடப்பது. சொல்லும்போது அவள் குரல் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரலாகவே இருந்தது. அழுகையை அடக்க அவளுக்குத் தெரிந்த வழி அது.

"அப்போ அது உன்னுது," என்றாள் ரெபேக்காள்.

"ஆங்."

"படிச்சிப் பாத்துட்டு வேணான்னு வெச்சிட்டே."

"ஆங்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தம்ளர் ஒன்று நகரும் சத்தம்.

"இதுக்குத்தான் இந்தப் பக்கம் வராம இருந்தியா? நான் இன்னா நெனச்சிகினு இருந்தேன் தெரியுமா? புருசன் போனவ மூஞ்சில முழிக்கக்கூடாதுன்னு ஒதுங்கிட்டேன்னு நெனச்சேன். கோயில்ல கூட ஓரமா போய் ஒக்காந்துக்குவ. ஊர்க்காரங்களக் கண்டா தெரியாத மாதிரி போவியே, அந்த லிஸ்ட்ல என்னையும் சேத்துட்டேன்னு நெனச்சேன்."

அக்கா ஏதோ சொல்லத் தொடங்கினாள். ரெபேக்காள் விடவில்லை.

"அவரு செத்தது மாரடைப்புல. அட்டையில இல்ல. டாக்டருங்க கூட வேல செய்றவ இப்பிடிப் பேசலாமா? நீயே வெச்சிருந்தாலும் அவரு போயிருப்பாரு. எனக்கு மட்டும் அந்த வசனம் இருந்திருக்காது. மாசக்கணக்கா அத்தைச் சொல்லிகினுதான் எழுந்திரிக்கிறேன். கண்ணீருன்ற வரைக்கும் படிச்சியே, அதுக்கு மேல படிச்சியா?"

அக்கா படித்திருக்க வேண்டும், கையில் வைத்துக்கொண்டு தட்டச்சும் செய்திருக்கிறாளே. அடித்தவள் படிக்கவில்லை என்பதுதான் உண்மை போலிருக்கிறது.

"இப்போகூட பாஸ்வேர்டுக்காகத்தான் வந்த. அது தொலையலைன்னா வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்," என்றாள் அக்கா.

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கே முகம் சுட்டது. அவள் பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். ரெபேக்காள், "சொல்லமாட்டேன்னா இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்கு ஒருத்தருக்கு அவசரம். அதான் கேக்குறேன்."

"யாருக்கு?"

"சொல்லக்கூடாது ரெபேக்கா."

ரெபேக்காள் சிரித்தாள். கொஞ்சம் கசப்பான சிரிப்புத்தான், ஆனாலும் சிரிப்பு. "அதானே. என்னுதெல்லாம் நான் சொல்லணும், நீ மட்டும் ஒண்ணும் சொல்லக்கூடாது. தொற, தொற. டைப் பண்ணு."

அவள் மெதுவாகச் சொன்னாள். வேண்டுதல் சொல்லும் குரலில் இல்லை, கடைக்குச் சாமான் சொல்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி. விசைப்பலகையின் சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை.

"ஏறல," என்றாள் அக்கா.

"நான் தப்பா சொல்லமாட்டேன். தெனம் சொல்றேன்," என்றாள் ரெபேக்காள்.

 போனை எடுத்துத் திரையைக் காட்டு என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறு ஏதாவது சேர்ப்பாயா, கடைசியில் எண், குறி, எதுவானாலும் யோசித்துப் பார் என்றேன். அக்கா நெற்றியைத் தேய்த்தாள். வருஷத்தைச் சேர்ப்பாள், ஒவ்வொரு ஜனவரியிலும். இந்தச் சமாதானத்தோடும் சேர்த்துத்தான் அடித்துவந்தாள். ஜனவரியில் கண்ணீரோடும் சேர்த்திருந்தாள், இப்போது சேர்க்கத்தான் கை வரவில்லை. சேர்த்து அடித்தாள்.

சாவி ஏறிவிட்டது. சடகோபனின் பக்கம் திறந்தது. ரெபேக்காள், யாரும் சொல்லாமலேயே, எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம், வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக, கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்து மருந்தின் பெயரைச் சொன்னாள். நல்ல வேளை, அதைத்தான் முதலில் நினைத்திருந்தேன் என்றாராம் அவர்.

சனிக்கிழமை சடகோபன் பிரேமாவோடு வந்தார். வேறு மருந்து எழுதினார்கள். ஒரு வாரத்தில் தூக்கம் பிடித்துவிட்டது என்று தகவல். அதற்கு மேல் அக்கா என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் பங்குக்கு, அந்த ஒற்றை வாசகத்தைப் பிரித்தெழுதி அனுப்பினேன். கோப்பு இல்லை என்றால் கோப்பு இல்லை என்று சொல்லும், கடவுச்சொல் தப்பு என்றால் தப்பு என்று சொல்லும். முன்பே செய்திருந்தால் அவள் முதல் நாளே அகப்பட்டிருப்பாள், லேப்டாப்பில் இருந்த பதிப்பை நீக்கச் சொல்லும் அசட்டுத்தனத்தையும் நான் செய்திருக்க மாட்டேன். இதை அவளிடம் சொன்னபோது, "போதும், நீயும் ஆரம்பிக்காத," என்றாள்.

பிறகு கடவுச்சொல்லை மாற்றிவிடச் சொன்னேன், இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டது அல்லவா. மாற்றமாட்டேன் என்றாள். அதனால்தான் ரெபேக்காள் சொன்ன வார்த்தைகளை நான் இங்கே எழுதவில்லை. சரி, லேப்டாப் மறுபடியும் நினைவில் வைத்துக்கொள்ளும்படியாவது செய்துதருகிறேன், ஒவ்வொரு தடவையும் அவ்வளவு நீளமாக அடிக்க வேண்டாமே என்றேன்.

"வேணாம். கேக்கட்டும்," என்றாள். "தொறக்கும்போதெல்லாம் கேக்கட்டும்."

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழைத்தால் எடுப்பதில்லை. ரயில் பாதைக்குப் பின்னால் அந்தச் சந்தில் இருக்கிறாள் என்று அவள் அம்மா, என் பெரியம்மா, சொல்கிறாள். போன தடவை எடுத்தாள். பின்னால் ரெபேக்காளின் குரல் கேட்டது. நான் எப்போது ஊருக்கு வருகிறேன் என்று கேட்கச் சொன்னாள். வருகிறேன் என்றேன். எப்போது என்று அக்கா திருப்பிக் கேட்டாள். லீவு பார்த்துச் சொல்கிறேன் என்றேன். போன வருஷமும் இதையேதான் சொல்லியிருந்தேன்.